இருபத்து நான்கு மணி நேரமும் பதினான்கு நாளும்

கிள்ளான் வட்டார வரலாற்றுத் தொடர் – 11

பண்டமாரான் புதுக்கிராமத்தைச் சுற்றி முள்வேலி நின்ற காலத்தைச் சென்ற இதழில் பார்த்தோம். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், பிரிக்ஸ் திட்டத்தின்படி மலாயா முழுவதும் ஏறத்தாழ 5 லட்சம் பேர் வேலிக்குள் குடியேற்றப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். தமிழர்கள் வாழ்ந்த தோட்டங்களிலும் சிதறிக் கிடந்த லயங்கள் ஒன்றுதிரட்டப்பட்டு வேலியடைக்கப்பட்டன. மாலையானால் ஊரடங்கு, வாசலில் சோதனை, எடுத்துச் செல்லும் அரிசிக்குக் கணக்கு. இத்தனை பேரில் ஒருவரையும் குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் சொன்னதில்லை. வேலி பிறகு பிடுங்கப்பட்டது. பண்டமாரான் இன்று கிள்ளானுக்கும் துறைமுகத்துக்கும் இடையில் கடைகளும் பட்டறைகளும் நிறைந்த ஊர். அந்த வேலியின் ஒரு பகுதி சட்டப் புத்தகத்தில் எப்படித் தங்கிப்போனது, அதை எதிர்த்து இந்தப் பள்ளத்தாக்கின் வழக்கறிஞர்களும் தொண்டர்களும் என்ன செய்தார்கள் என்பதே இந்த இதழின் பொருள். பிடித்து வைக்கப்பட்ட ஒருவரை, பிடித்தவர்களைச் சேராத ஒருவர் எவ்வளவு விரைவில் நேரில் பார்க்கிறார் என்பதைப் பொறுத்தே அவருடைய உயிரும் மானமும் அமைகின்றன என்று நான் வாதிடுகிறேன். மற்ற உரிமைகள் எல்லாம் அந்தப் பார்வைக்குப் பின்னால்தான் வர முடியும்.

முதலில் 1941. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் தலைமையில் தோட்டத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தத்தைப் பற்றி இந்தத் தொடரில் விரிவாக எழுதியாயிற்று. சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற அவமானத்துக்கு முடிவு, கள்ளுக்கடைகளை மூடுதல், சங்கம் சேரும் உரிமை என்று அவர்கள் கேட்டவை எதுவும் குற்றம் அல்ல. ஆனாலும் மே 5 அன்று ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரிக் கிளம்பிய கொந்தளிப்பில் தொழிலாளர்கள் 5 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். நீதிமன்றத்தில் குற்றம் சாட்டி, சாட்சி அழைத்து, நிரூபித்துத் தண்டிக்க வேண்டிய தேவை அரசுக்கு எழவே இல்லை. நிர்வாகத்தின் ஆணை ஒன்றே போதுமாக இருந்தது. கடல் கடந்து வந்தவர் என்பதால் அவரைக் கடல் கடந்து அனுப்பிவிடலாம். அவசரகால விதிகள் இதே முறையைப் பல்லாயிரம் பேர்மேல் விரித்தன. விசாரணையின்றித் தடுத்து வைப்பதும், ஒரு கிராமத்தையே கூட்டமாகப் பிடிப்பதும், பிறகு கப்பலேற்றுவதும் நிர்வாகப் பணிகளாயின. அவசரகாலம் முடிவதற்கு ஓராண்டு முன்பு, 1959-இல், குடிநுழைவுச் சட்டம் இயற்றப்பட்டது. 1963-இல் மலேசியா உருவானபோது அது விரிவாக்கப்பட்டு, 1959/63 என்று இரட்டை ஆண்டைச் சுமந்தபடி இன்றும் நடப்பில் இருக்கிறது. அந்நியர் என்று கருதப்படுபவரை நீதிமன்றத்துக்கு வெளியே கையாளும் பழக்கம் இப்படி ஓர் ஆட்சியிலிருந்து அடுத்த ஆட்சிக்குக் கைமாறியது.

சுதந்திர மலாயாவின் அரசியலமைப்பு இந்தப் பழக்கத்துக்கு ஒரு தடை போட்டிருந்தது. அதன் 5-ஆவது பிரிவு, கைதானவருக்குக் காரணத்தைச் சொல்ல வேண்டும், அவர் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேச விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது. பிரிவு ‘குடிமகன்’ என்று சொல்லவில்லை, கைது செய்யப்பட்ட ‘நபர்’ என்றே சொல்கிறது. இதைப் பிடித்துக்கொண்டுதான் 1976-இல் தம்புசாமி மகன் ஆண்ட்ரூ என்பவரின் வழக்கு, கோலாலம்பூர் புடு சிறைக் கண்காணிப்பாளருக்கு எதிராகக் கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. குடிநுழைவுச் சட்டத்தின்கீழ் பிடித்து வைக்கப்பட்டவரையும் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டுமா என்ற கேள்வி அந்த வழக்கில் நீதிபதிகள் முன் வந்தது. அதே ஆண்டு நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்தியது. குடிமகன் அல்லாத ஒருவர் குடிநுழைவுச் சட்டத்தின்கீழ் பிடிபட்டால் அவர் விஷயத்தில் 24 மணி நேரம் என்பதை 14 நாள் என்று படிக்க வேண்டும் என ஒரு வாசகம் சேர்க்கப்பட்டது. அந்த 14 நாளில் ஒருவர் எங்கே வைக்கப்பட்டிருக்கிறார், அடிபட்டாரா, மருந்து கிடைத்ததா என்று கேட்க நீதித்துறையின் சார்பில் ஒருவரும் இல்லை. அதன் பிறகும் நிலைமை பெரிதாக மாறிவிடுவதில்லை. நாடுகடத்துவதற்குத் ‘தேவையான காலம்’ வரை ஒருவரைத் தடுத்து வைக்கலாம் என்கிறது குடிநுழைவுச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு. அந்தக் காலத்துக்கு அது மேல் எல்லை எதையும் வைக்கவில்லை. குடிநுழைவுத் தடுப்பு முகாம்களின் வளாகத்துக்குள்ளேயே சிறப்பு நீதிமன்றங்கள் அமர்கின்றன. பெரும்பாலும் வழக்கறிஞர் துணையின்றி, மலாய் மொழியைப் பாதி புரிந்துகொண்டு, குற்றத்தை ஒப்புக்கொள்பவர்களின் வரிசை அங்கே வேகமாக நகர்கிறது.

அந்தக் கதவுகளுக்குப் பின்னால் நடப்பது 1995-இல் வெளியே வந்தது. ‘தி சன்’ நாளிதழின் செய்தியாளர் ஸ்டீவன் கான் உள்ளிட்டோர் செமினி தடுப்பு முகாமில் நிகழ்ந்த 59 மரணங்களைத் தேடிக் கண்டறிந்தார்கள். அவர்கள் கணக்கின்படி அந்தத் தொழிலாளர்களைக் கொன்றவை டைபாய்டு காய்ச்சலும் பெரிபெரியும். பெரிபெரி என்ற சொல்லில் கோலாலம்பூர் வாசகர்கள் ஒரு கணம் நின்றுதான் ஆக வேண்டும். தீட்டிய வெள்ளை அரிசியை மட்டும் உண்பவருக்கு உயிர்ச்சத்துக் குறைவால் வரும் நோய் அது. 1905-இல் இதே கோலாலம்பூரின் மனநல விடுதியில் மருத்துவர் வில்லியம் பிளெட்சர் அங்கிருந்தோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மறு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். நோய் பச்சரிசி உண்டவர்களைத்தான் பிடித்தது. சுரங்கங்களில் சீனர்கள் பெரிபெரியால் சாகையில், புழுங்கலரிசிச் சோறு உண்ட தமிழ்த் தொழிலாளிக்கு அது வராததை நெகிரி செம்பிலானில் பணியாற்றிய மருத்துவர் பிராடன் அந்நாளிலேயே பதிவு செய்திருந்தார். உலக மருத்துவத்துக்கே இந்த மண் கற்றுக்கொடுத்த பாடம் அது. தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின், அதே நகரத்திலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், அரசின் பொறுப்பில் அரசு போட்ட சோற்றை உண்டவர்கள் அந்த நோயால் செத்தார்கள் என்றால், அதற்கு மருத்துவ அறியாமையைக் காரணம் சொல்ல முடியாது. உள்ளே போய்ப் பார்த்துக் கேட்க யாருக்கும் உரிமை இல்லாததுதான் காரணம். ஒரு மருத்துவர், ஒரு வழக்கறிஞர், மாதம் ஒருமுறை வரும் ஒரு மாஜிஸ்திரேட் என யாராவது ஒருவர் அந்த வீங்கிய கால்களைப் பார்த்திருந்தால் போதும். அரிசியை மாற்றுவதற்குப் பெரிய செலவில்லை.

அந்தச் செய்தி நாளிதழில் இடம் பெறவில்லை. அது தெனாகானித்தா அமைப்பின் கைக்குப் போனது. 1991-இல் அதைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் ஐரீன் பெர்னாண்டஸ். சுங்கை பட்டாணியில், கேரளத்திலிருந்து வந்த குடும்பத்தில் பிறந்து, தோட்ட வாழ்க்கையை அருகிலிருந்து கண்டு வளர்ந்தவர். அவருடைய குழு முகாம்களிலிருந்து வெளியே வந்த 300-க்கும் மேற்பட்ட வெளிநாட்டுத் தொழிலாளர்களிடம் பேசி, அடி, பட்டினி, பாலியல் துன்பம், நோய் ஆகியவற்றைத் தொகுத்து 1995-இல் ஒரு மகஜர் வெளியிட்டது. முகாம்களில் மரணங்கள் நிகழ்ந்ததை அரசும் மறுக்கவில்லை. ஆனால் 1996 மார்ச்சில் கைதானவர் ஐரீன்தான். தீய நோக்குடன் பொய்ச்செய்தி வெளியிட்டார் என்று அச்சகங்கள் வெளியீடுகள் சட்டத்தின்கீழ் குற்றச்சாட்டு. மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் அந்த வழக்கு ஏழு ஆண்டுகள் நடந்தது. நாட்டின் வரலாற்றிலேயே மிக நீண்ட விசாரணைகளில் ஒன்று. 2003 அக்டோபரில் ஓராண்டுச் சிறை. அந்தத் தீர்ப்பால் 2004 பொதுத்தேர்தலில் நிற்கும் வாய்ப்பையும் அவர் இழந்தார். 2005-இல் அவருக்கு ‘ரைட் லைவ்லிஹுட்’ விருது கிடைத்தது. 2008 நவம்பர் 24 அன்று உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. கைதிலிருந்து விடுதலை வரை பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல். 2014 மார்ச் 31 அன்று அவர் காலமானார்.

இந்த வழக்கை ஒரு வீரப்பெண்ணின் கதையாக மட்டும் நினைவுகூர்வது எளிது. அந்த மரியாதைக்கு அவர் முழுக்கத் தகுதியானவர். ஆனால் வரலாற்றுக்கு அதில் வேறொரு செய்தியும் இருக்கிறது. விசாரணை நடந்த ஏழு ஆண்டுகளில், முகாம்களிலிருந்து வந்த தொழிலாளர்கள் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள். மாஜிஸ்திரேட் முன் 14 நாளுக்குள் பேசக் கிடைக்காத வாய்ப்பு, வேறொருவர்மீது அரசு தொடுத்த வழக்கின் வழியே அவர்களுக்குக் கிடைத்தது. அவர்கள் பட்டது நீதிமன்றப் பதிவேட்டில் ஏறியது. சட்ட வாதாட்டத்தின் முதல் பயன் வெற்றி தோல்விக்கும் முந்தியது என்பதை இது காட்டுகிறது. மறைவில் நடந்ததை அது பொது ஆவணமாக்குகிறது.

குடிமகனுக்கு 24 மணி நேரப் பாதுகாப்பு இருக்கிறதே, அவன் நிலை என்ன என்று இங்கே ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2009 ஜனவரியில் சுபாங் ஜெயாவின் தைப்பான் காவல் நிலையத்தில் ஏ. குகன் என்ற இளைஞர் இறந்தார். நுரையீரலில் நீர் கோத்ததே காரணம் என்றது முதல் பிரேதப் பரிசோதனை. குடும்பத்தார் அதை ஏற்காமல் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் இரண்டாவது பரிசோதனை நடத்த வைத்தார்கள். உடலெங்கும் காயங்களையும், தசைகள் அடிபட்டுச் சிதைந்ததால் சிறுநீரகம் செயலிழந்ததையும் அது பதிவு செய்தது. குகனின் தாயார் தொடுத்த சிவில் வழக்கில் 2013 ஜூனில் நீதிபதி வி. டி. சிங்கம் காவல்துறையையும் அரசையும் பொறுப்பாக்கி 801,700 ரிங்கிட் இழப்பீடு விதித்தார். ஆர். சிவராசா, என். சுரேந்திரன் போன்ற வழக்கறிஞர்களின் உழைப்பு இதில் உண்டு. குகன் தடுப்புக்காவலில் இருந்தது ஆறு நாள். ரிமாண்ட் என்ற பெயரில் மாஜிஸ்திரேட்டின் ஆணை இருந்தது. உடலை அக்கறையோடு பார்த்த கண் இல்லை. 1975-இலேயே ஊய் ஆ புவா வழக்கில், வழக்கறிஞரைப் பார்க்கும் உரிமை கைதான நாள் முதலே தொடங்குகிறது என்று கூட்டரசு நீதிமன்றம் சொன்னது. கூடவே, காவல்துறையின் விசாரணைக்கு இடையூறு வராத வகையில்தான் அதைப் பயன்படுத்த முடியும் என்றும் சொன்னது. அந்தப் பின்பாதி வாக்கியத்துக்குள்தான் லாக்கப் மரணங்கள் ஒளிந்துகொண்டன. 2000 முதல் 2004 வரை காவல் நிலையங்களில் நிகழ்ந்த 80 மரணங்களில் 6-க்கு மட்டுமே மரண விசாரணை நடந்தது என்று 2005-இல் காவல்துறை பற்றிய அரச விசாரணை ஆணையமே எழுதியது.

கிள்ளானில் 2017 பிப்ரவரியில் நடந்தது என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான சான்று. அதைத் தவிர்த்துவிட்டுப் போவது நேர்மையாகாது. எஸ். பாலமுருகன், வயது 44, ஒரு கொள்ளைச் சந்தேகத்தில் பிடிபட்டு, பிப்ரவரி 7 அன்று மாஜிஸ்திரேட் முன் நிறுத்தப்பட்டார். சட்டம் சொல்லும் நேரத்துக்குள் நிறுத்தினார்கள். மாஜிஸ்திரேட் அவருடைய காயங்களைப் பார்த்தார். ரிமாண்ட் தர மறுத்து, சிகிச்சைக்கு அனுப்பச் சொன்னார். வழக்கறிஞரும் பார்த்தார். ஆனால் பாலமுருகன் வெளியே வரவில்லை. மீண்டும் வட கிள்ளான் காவல்துறைத் தலைமையகத்துக்குக் கொண்டு போகப்பட்டு அங்கேயே இறந்தார். வெளியாரின் கண் பட்டும் உயிர் போயிற்றே, பிறகு என்ன பாதுகாப்பு? பார்வை மட்டும் போதாது, பார்த்தவரின் சொல்லுக்குப் பணியாதவருக்குத் தண்டனை வேண்டும் என்பது உண்மை. அதற்காக அந்தப் பார்வை வீண் என்று ஆகிவிடாது. நீதிமன்றத்தில் அன்று அவரை எந்த நிலையில் கண்டார்கள் என்பதற்குச் சாட்சி இருந்ததால்தான், நோயால் இறந்தார் என்ற ஒற்றை வரியோடு அந்தக் கோப்பை மூட முடியாமல் போனது. அடிபட்டவரை அடித்தவர்களிடமே திருப்பி ஒப்படைக்கும் ஏற்பாட்டை மாற்ற வேண்டும் என்ற கோரிக்கை இந்தச் சான்றின் மேல்தான் எழுந்து நிற்கிறது. நீதிமன்றம் ‘விடு’ என்றால் கதவு நீதிமன்ற வளாகத்திலேயே திறக்க வேண்டும்.

இனி அடிக்கடி கேட்கும் மறுப்பு: சட்டத்தை மீறி நுழைந்தவருக்கு என்ன உரிமை? ஒவ்வொரு நாட்டுக்கும் எல்லையைக் காக்கும் உரிமை உண்டு. அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் ஒருவர் மீறினாரா என்பதை முடிவு செய்யத்தானே நீதிமன்றம்? கடப்பிதழை முதலாளி பிடுங்கி வைத்துக்கொள்வதும், பெர்மிட் புதுப்பிக்கப் பணத்தை வாங்கிக்கொண்டு ஏஜெண்ட் ஓடிவிடுவதும் கிள்ளான் பட்டறைகளில் அறியாத செய்தியா? அந்தத் தொழிலாளி தன் பிழையின்றியே சட்டவிரோதக் குடியேறியாகிறார். அவருக்குக் காத்திருப்பது 10,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, 2002 திருத்தத்துக்குப் பின் 6 வரை பிரம்படி. 2002 முதல் 2008 வரை 34,923 வெளிநாட்டவர் பிரம்படி பெற்றதாக நாடாளுமன்றத்தில் அரசே பதில் சொன்னது. பிட்டத்தின் தோலைப் பிளக்கும் தண்டனைக்கு முன் ஒரு வழக்கறிஞருடன் பேச அரை மணி நேரம் கேட்பது எந்த எல்லையைத் திறந்துவிடும்? 2022-இல் மட்டும் குடிநுழைவு முகாம்களில் 150 பேர் இறந்தார்கள், அவர்களில் 7 பேர் குழந்தைகள் என்பதும் அரசின் பதில்தான். அந்தக் குழந்தைகள் மீறிய சட்டம் எது? பிடிபட்டவர் எல்லாம் குற்றவாளி என்ற கணக்கைக் கிள்ளான் மக்கள் ஏற்கெனவே ஒருமுறை தள்ளுபடி செய்தவர்கள். 2008 மார்ச்சில், உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கமுந்திங் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டிருந்த ஹிண்ட்ராப் இயக்க வழக்கறிஞர் எம். மனோகரனை அவர்கள் கோத்தா ஆலாம் ஷா தொகுதிக்குச் சட்டமன்ற உறுப்பினராக்கினார்கள்.

நம் பிள்ளைகளே லாக்கப்பில் சாகையில் அந்நியருக்காக எதற்கு வாதாட வேண்டும் என்று நம்மவர்களே கேட்பதும் உண்டு. வலியிலிருந்து வரும் கேள்வி இது. அதைக் கடிந்துகொள்ள எனக்கு மனம் வராது. ஆனால் குடிமகன், அந்நியர் என்ற கோடு நம் வீடுகளுக்கு வெளியே போடப்பட்டதாக எண்ணுவது தவறு. 1969-க்குப் பின் வேலை பெர்மிட் கெடுபிடியால் ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் இந்த நாட்டை விட்டுப் போனார்கள். பல பத்தாண்டுகள் பால் வெட்டிய கைகள் அவை. சிவப்பு அடையாள அட்டையோடு முதுமை அடைந்தவர்களும், பிறப்புப் பத்திரம் இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளும் இன்றும் நம் தாமான்களில் இருக்கிறார்கள். சாலையில் சோதனை நடக்கும்போது, தான் குடிமகன் என்று நிரூபிக்கத் தாள் இல்லாத தமிழ் இளைஞனுக்கு எந்தக் காலக்கெடு, 24 மணி நேரமா 14 நாளா? அதை முதலில் தீர்மானிப்பவர் அவனைப் பிடித்த அதிகாரி. ஆகவே அந்நியருக்கு மூடிய கதவு, தாளில்லாத நம் வீட்டுப் பிள்ளைக்கும் மூடியே இருக்கும்.

இதற்கிடையில் கிடைத்த முன்னேற்றங்களையும் சொல்லியாக வேண்டும். கைதானவர் உறவினரையும் வழக்கறிஞரையும் தொடர்புகொள்ள விட வேண்டும் என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு 2007-இல் நடப்புக்கு வந்தது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் தந்த அனுபவத்தின் மேல் தேசிய சட்ட உதவி அறவாரியம் 2011-இல் தொடங்கப்பட்டு, 2012 ஏப்ரல் முதல் ரிமாண்ட் நீதிமன்றங்களில் இலவச வழக்கறிஞர்களை நிறுத்தியது. ஏழைக் கைதிக்கு இது பெரிய மாற்றம். ஆனால் அது குடிமக்களுக்கென்று வரையப்பட்ட திட்டம். முகாம்களின் திசையில் நிலைமை பின்னோக்கிப் போயிருக்கிறது. 2019 ஆகஸ்ட் முதல் ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்கே உள்ளே செல்ல அனுமதி இல்லாமற்போனது. 2021 பிப்ரவரி 23 அன்று, மியன்மாரில் இராணுவம் ஆட்சியைப் பிடித்து மூன்று வாரமே கடந்திருந்த வேளையில், ஆம்னெஸ்டி மலேசியாவும் அசைலம் அக்செஸ் மலேசியாவும் மியன்மார் நாட்டவரை நாடுகடத்துவதற்குக் கோலாலம்பூர் உயர்நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றன. அன்றே 1,086 பேர் லுமுட் கடற்படைத் தளத்திலிருந்து மியன்மார்க் கப்பல்களில் அனுப்பப்பட்டார்கள். கப்பலேறாத 114 பேர் விஷயத்தில் நீதிமன்றம் மறுநாள் தடையை நீட்டித்தது. கிள்ளானில் ஒரு மாஜிஸ்திரேட்டின் சொல்லுக்கு நேர்ந்ததே நான்கு ஆண்டுகள் கழித்து லுமுட்டில் உயர்நீதிமன்றத்தின் ஆணைக்கும் நேர்ந்தது.

இதை மாற்ற அரசியலமைப்பையே திருத்த வேண்டும், மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மை வேண்டும், அது இன்றைய நாடாளுமன்றத்தில் நடக்கிற காரியமா என்று சொல்வார்கள். 1976-இன் வாசகத்தை நன்றாகப் படித்துப் பார்க்கட்டும். 14 நாளுக்குள் நிறுத்த வேண்டும் என்றுதான் அது சொல்கிறது. 14 நாள் காத்திருந்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. அரசியலமைப்பு வைத்தது மேல் எல்லை. அதற்குக் கீழே 24 மணி நேரம் என்றோ மூன்று நாள் என்றோ குடிநுழைவுச் சட்டத்தின் 51-ஆவது பிரிவில் எழுதுவதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். முகாமுக்குள் அமரும் நீதிமன்றத்தில் ஒரு சட்ட உதவி வழக்கறிஞரையும் ஒரு மொழிபெயர்ப்பாளரையும் உட்கார வைப்பதற்குச் சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை. அமைச்சு கதவைத் திறந்துவிட்டால் போதும்.

(அடுத்த இதழில்: 1969-க்குப் பின் வேலை பெர்மிட்டும், தோட்டங்களை விட்டுக் கப்பலேறியவர்களும்.)